முட்டி வலிக்கு மாத்திரை, வயிற்றில் ரத்தக்கசிவு

"பாத்ரூமுக்குப் போனவங்க தலைசுத்தி விழுந்துட்டாங்க டாக்டர்" என்று அழைத்து வரப்படும் முதியவர்களில் சிலரைப் பார்த்ததுமே வயிற்றில் ரத்தக்கசிவோ என்ற சந்தேகம் வந்துவிடும். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கும். துருவிக் கேட்டால்தான் நாலைந்து நாளாக மலம் கறுப்பாகப் போவதைச் சொல்வார்கள். அதற்குள் பித்தம் என்று எலுமிச்சைச் சாறும், லோ பிபி என்று உப்புத் தண்ணீரும் கொடுத்து நாளைக் கடத்தியிருப்பார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், "சுகருக்கும் பிரஷருக்கும் மட்டும்தான்" என்று பதில் வரும். முட்டி வலிக்குக் கடையில் வாங்குவது அவர்கள் கணக்கில் சேர்வதே இல்லை.

அந்த 'ஒரு செட்'

மருந்துக் கடையில் முட்டி வலிக்கு 'ஒரு செட்' என்று கேட்டால், அட்டையிலிருந்து வெட்டியெடுத்து, சின்னக் காகித உறையில் போட்டுத் தருவார்கள். பெயர் பாதி போயிருக்கும். பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை; பல நேரம் கூடவே ஒரு குட்டி ஸ்டீராய்டு மாத்திரை. வலி சட்டென்று விட்டுவிடும், அதனால் மறுபடியும் அதையே கேட்பார்கள். இந்த ஜோடி சேரும்போது இரைப்பையில் புண் வரும் ஆபத்து பல மடங்காகிறது. இதயத்துக்கு 75 மி.கி. ஆஸ்பிரினோ குளோபிடோகிரலோ சாப்பிடுபவர், 65 வயதைத் தாண்டியவர், முன்பே அல்சர் வந்தவர் என்றால் இன்னும் மோசம். மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. விற்கிறார்கள், வாங்குகிறோம்.

தவறான தைரியங்கள்

"சாப்பிட்டுட்டுத்தான் போடுறேன்" என்பது எல்லோரும் சொல்வது. சாப்பாடு எரிச்சலைக் குறைக்கலாம், புண்ணைத் தடுக்காது. இந்த வலி மருந்துகள் ரத்தத்தில் கலந்தபின், வலியைக் கிளப்பும் பொருளோடு இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் பொருளையும் குறைத்துவிடுகின்றன. ஆகவே ஊசியாகப் போட்டாலும் வயிறு தப்பாது.

"பால் குடிச்சா சரியாயிடும்." கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், பிறகு அமிலம் கூடுதலாகச் சுரக்கும். எரிச்சலுக்குக் குடிக்கும் ரோஸ் நிற ஜெல் மருந்தும் அப்படித்தான். எரிச்சல் அடங்கும், புண் அங்கேயே இருக்கும். ரானிடிடின்கூட வழக்கமான அளவில் இரைப்பைப் புண்ணைத் தடுப்பதில்லை. பான்டோபிரசோல் போன்றவை ஆபத்தைக் குறைக்கும். அதுவும் முழுக் காப்பு அல்ல, அதை நம்பி மாதக்கணக்கில் வலி மாத்திரை விழுங்கக் கூடாது.

"எனக்கு வயிறு வலிக்கவே இல்லையே" என்பதுதான் என்னை மிகவும் பயமுறுத்தும் வாக்கியம். முதியவர்களுக்குப் பல நேரம் முன்னறிவிப்பாக ஒரு வலியும் வராது. முதல் அறிகுறியே ரத்தக்கசிவாக இருக்கலாம்.

பரிசோதனை

ரத்தக்கசிவு என்று சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியவை: எண்டோஸ்கோபி, ஹீமோகுளோபின் அளவு, புண்ணுக்குக் காரணமாகும் ஹெச். பைலோரி கிருமிக்கான சோதனை.

தயவுசெய்து

முட்டி வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. பாராசிட்டமாலை மருத்துவர் சொன்ன அளவில் எடுங்கள். வலி உள்ள இடத்தில் வலி நிவாரண ஜெல் தடவுங்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கித் தொடைத் தசையைப் பலப்படுத்துங்கள். இதயத்துக்குச் சாப்பிடும் ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பிள்ளைகளே, அப்பா அம்மாவின் தலையணைக்கு அடியில், சுருக்குப் பையில் என்ன மாத்திரை இருக்கிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டு வாருங்கள். மலம் எப்படிப் போகிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் தார்போல ஒட்டி, கடும் நாற்றத்தோடு போனாலோ, காபித்தூள் கரைத்ததுபோல வாந்தி வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுராத்திரி ஆனாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.