லயக் காம்பராவில் ஓசையடங்கிய கிராபிக்ஸ் கார்டு: தெரிவும் சீரமைப்பும்

இலங்கை மலையகத் தோட்டங்களின் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளில், ஒரு காம்பராவையும் (அறையையும்) அடுத்த காம்பராவையும் பிரிப்பது ஒரே பொதுச் சுவர் என்பதால், இரவில் இயங்கும் விளையாட்டுக் கணினியின் இரைச்சல் விளையாடுபவரோடு நின்றுவிடாமல், விடிந்ததும் பிரட்டுக்கு, அதாவது காலை வேலைப் பதிவுக்கு, போக வேண்டிய அயலவரின் தூக்கத்தையும் கெடுக்கக்கூடியது. அந்த இரைச்சலின் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டிலிருந்து, அதாவது திரையில் தோன்றும் காட்சிகளைக் கணித்து வரைந்து தரும் தனிப் பலகையிலிருந்து எழுகிறது. கார்டின் அமைதியை அதன் விலை தீர்மானிப்பதில்லை. அது எவ்வளவு வெப்பத்தை உண்டாக்குகிறது, அந்த வெப்பத்தை எவ்வளவு மெதுவாகச் சுழலும் விசிறியால் அகற்ற முடிகிறது என்ற இரண்டுமே தீர்மானிக்கின்றன.

விசிறியின் கணக்கு

கார்டு உட்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படுவதால், 115 வாட் கார்டு என்பது 115 வாட் வெப்பத்தைப் பெட்டிக்குள் உமிழும் கார்டு என்றே பொருள்படும். அவ்வெப்பம் சிப்பிலிருந்து மெல்லிய உலோகத் தகடுகளுக்குப் பரவ, அவற்றினூடே விசிறி தள்ளும் காற்று அதை வெளியே கொண்டுசெல்கிறது. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றோட்டமும் ஏறக்குறையப் பாதியாகிறது. ஓசையோ சுமார் 15 டெசிபெல் குறைகிறது. ஒலி 10 டெசிபெல் தணிந்தாலே காதுக்கு அது பாதியாகக் கேட்கும் என்பதால், வேகக் குறைப்பில் இழக்கும் குளிர்ச்சியைவிடப் பெறும் அமைதி மிகுதியாகும். இந்தக் கணக்கைப் புறக்கணித்ததன் விளைவுக்கு என்விடியா நிறுவனம் 2003இல் வெளியிட்ட ஜிபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா சான்றாகும். அதன் விசிறி இரைச்சல் உலகெங்கும் கேலிக்குள்ளாகி, அந்நிறுவனமே தன்னை நையாண்டி செய்து காணொளி வெளியிடும் நிலை ஏற்பட்டது.

எதைத் தெரிவுசெய்வது

ஆகவே தெரிவின்போது முதலில் பார்க்க வேண்டியது வாட் அளவாகும். 2022இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு 450 வாட் வரை உட்கொள்ள, 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115 வாட்டும், ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 132 வாட்டும் போதுமாயுள்ளன. 2024இல் வெளியான 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 கார்டு 70 வாட் மட்டுமே கொள்வதால், மதர்போர்டின் இணைப்பு வாயிலிலிருந்தே முழு மின்சாரத்தையும் பெற்றுக்கொள்ளக்கூடியது. 1080 வரிகள் கொண்ட சாதாரணத் திரையில் விளையாடுபவருக்கு இத்தகைய குறைந்த வாட் கார்டுகளே பெரும்பாலும் பொருந்தும். ஒரே சிப்பைக் கொண்டு பல நிறுவனங்கள் கார்டு தயாரிக்கும்போது, ஒற்றைச் சிறுவிசிறி கொண்டதைவிட இரண்டு பெரிய விசிறிகளும் அகன்ற தகடுகளும் கொண்டது குறைந்த வேகத்திலேயே அதே வெப்பத்தை அகற்றிவிடும். அதன் நீளம் பெட்டிக்குள் அடங்குமா என்பதை மட்டும் அளந்து பார்க்க வேண்டும்.

தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாவாகவே இருந்தது; புதிய கார்டொன்றின் விலை அத்தகைய முழு மாத உழைப்பின் வருமானத்தைத் தாண்டிவிடுவதால், பாவித்த கார்டுகளை நாடுவது இயல்பே. ஆனால் 2022 செப்டெம்பரில் எத்தீரியம் என்னும் மின்னாணய வலையமைப்பு கிராபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு நாணயம் ஈட்டும் முறையைக் கைவிட்டபோது, இரவுபகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் மறுவிற்பனைக்கு வந்தன என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அவற்றின் சிப் பழுதின்றி இருந்தாலும், விசிறியின் அச்சு தேய்ந்தும், சிப்புக்கும் தகட்டுக்கும் இடையில் பூசப்படும் வெப்பக் களிம்பு உலர்ந்தும் இருக்கலாம். எனவே வாங்குமுன் கார்டை ஒரு விளையாட்டில் ஓடவிட்டு, விசிறி வேகமெடுக்கும்போதும் தணியும்போதும் உராய்வுச் சத்தம் எழுகிறதா என்று கேட்டறிவது அவசியம்.

எவ்வாறு சீரமைப்பது

சீரமைப்பின் முதற்படி, நொடிக்கு வரையப்படும் காட்சிகளின், அதாவது பிரேம்களின், எண்ணிக்கைக்கு வரம்பிடுவதாகும். நொடிக்கு 60 முறை மட்டுமே புதுப்பிக்கப்படும் திரைக்காகக் கார்டு 140 பிரேம்களை வரைவது வீண் வெப்பமே. பிரேம் எண்ணிக்கை மிக உயரும்போது மின்சுருள்கள் அதிர்ந்து எழுப்பும் கீச்சொலியும் இந்த வரம்பினால் பெரும்பாலும் தணியும்.

இரண்டாம் படி மின்னழுத்தத்தை, அதாவது வோல்டேஜை, குறைப்பதாகும். சிப்பின் மின்நுகர்வு மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், வேகத்தை மாற்றாமல் மின்னழுத்தத்தை மட்டும் 10 வீதம் குறைத்தால் சிப்பின் இயக்க நுகர்வு ஏறக்குறைய 19 வீதம் குறையும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் இதைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு கனமான விளையாட்டை ஓடவிட்டுப் பார்த்து, விளையாட்டு இடையில் முறியத் தொடங்கினால் முந்தைய அளவுக்குத் திரும்ப வேண்டும்.

மூன்றாவதாக விசிறிக் கோட்டை, அதாவது எந்த வெப்பநிலையில் எந்த வேகம் என்ற விதியை, மென்மையாக ஏறும்படி அமைக்க வேண்டும். விசிறி சுழலத் தொடங்கும் வெப்பநிலைக்கும் நிற்கும் வெப்பநிலைக்கும் இடையே சில பாகை இடைவெளி விடாவிட்டால், அது நின்று நின்று சுழன்று, தொடர்ச்சியான ஓசையைவிட அதிக எரிச்சலூட்டும்.

மலை தருவதும் எடுப்பதும்

சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்கே என்பதால், அங்குள்ள காற்று, குளிர்ந்திருந்தும், கொழும்பின் காற்றைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. அதே வேகத்தில் சுழலும் விசிறி அங்கே குறைந்த வெப்பத்தையே அகற்றும். ஆயினும் அறையின் குளிர் இக்குறையை ஈடுசெய்து மிஞ்சுகிறது. கொழும்பில் 28 பாகை அறையில் 75 பாகையை, அதாவது அறையைவிட 47 பாகை கூடுதலை, எட்டும் கார்டுக்கு மெல்லிய காற்றினால் அந்தக் கூடுதல் 53 பாகையாக உயர்ந்தாலும், 18 பாகை அறையில் அது 71 பாகையிலேயே நிற்கும். ஹட்டனின் உயரம் இதைவிடக் குறைவென்பதால் இரு விளைவுகளும் அங்கே சற்றுத் தணிந்திருக்கும். ஆகவே சமவெளி வெப்பத்துக்கும் ஈடுகொடுக்கும்படி தொழிற்சாலையில் இடப்பட்ட விசிறிக் கோட்டை மலையகத்தில் தாராளமாகக் கீழிறக்கலாம்.

மலையகத்தின் உண்மையான இடர் ஈரமும் புகையுமாகும். இயங்கும் கார்டு அறையைவிடச் சூடாக இருப்பதால் அதன்மேல் நீர் படிவதில்லை; ஆனால் இரவுக் குளிரில் அணைந்துகிடந்த கார்டின்மேல் அடுப்படியின் நீராவி பட்டால் நீர் படியலாம். விறகடுப்பின் புகைக்கரி தூசியோடு ஒட்டித் தகடுகளின் இடைவெளிகளை அடைக்கும்போது, வெப்பம் ஏறி விசிறி தானாகவே வேகமெடுக்கும். எனவே கணினியை அடுப்படிச் சுவரிலிருந்து விலக்கி, நிலத்திலிருந்து உயர்த்தி வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மின்னிணைப்பைக் கழற்றி, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு மென்தூரிகையால் துடைக்க வேண்டும். காற்றிலும் மழையிலும் மரம் முறிந்து மின்தடை நேரும் இடங்களில், குறைந்த வாட் கார்டைச் சிறிய யூபிஎஸ் (தடையில்லா மின்வழங்கி) கருவியாலும் தாங்க முடியும் என்பது கூடுதல் நன்மை.

பிரேம் வரம்பு, மின்னழுத்தக் குறைப்பு, விசிறிக் கோடு, தூய்மை ஆகிய நான்கும் ஏற்கெனவே கையிலுள்ள கார்டிலேயே செலவின்றிச் செய்யக்கூடியவை என்பதால், அவை அனைத்தையும் செய்து பார்த்த பின்பும் சுவருக்கு அப்பால் ஓசை கேட்குமாயின் மட்டுமே புதிய கார்டைப் பற்றி எண்ணுவது பொருத்தமாகும்.