திருமலையின் தங்கப் பல்லி

சேஷாசலம் என்ற பெயருக்கே பாம்பு மலை என்பது பொருள். ஆதிசேடனின் உடலே இம்மலைத்தொடராகக் கிடக்கிறது என்பது புராண வழக்கு. பம்பாயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அலுவலாகத் திருப்பதிக்கும் சித்தூருக்கும் வந்து செல்லும் நம்மவர்க்கு இப்பெயர் புதிதன்று. ஆயினும், அங்கே வாழும் ஊர்வனவற்றைக் கண்டு திரும்பியவர் மிகச் சிலரே. இரண்டு நாள் பயணத்தில் எதைக் காண முடியும் என்று கேட்கலாம். இடமும் வேளையும் அறிந்தவர்க்கு இரண்டு மாலைப் பொழுதுகள் போதும்.

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. சென்னை மாகாண வனத்துறையின் தலைமைப் பொறுப்பில் 1860 முதல் 1882 வரை இருந்த பெட்டோம் என்னும் ஆங்கிலேயர், மரங்களைக் கணக்கெடுக்கச் சென்ற இடங்களிலெல்லாம் பல்லிகளையும் பாம்புகளையும் தேடினார். திருப்பதி மலையில் தாம் கண்ட ஒரு பெரிய பல்லியை 1870-இல் அவர் உலகுக்கு விவரித்தார். அன்று இம்மலை வட ஆர்க்காட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. சித்தூர் தனி ஜில்லாவானது 1911-இல். அதிலிருந்து திருப்பதி பிரிந்தது 2022-இல்.

பெட்டோம் கண்ட அப்பல்லி பின்னர் நெடுங்காலம் ஆராய்ச்சியாளர் கண்ணில் படவே இல்லை. 1980-களின் நடுவில்தான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அதனை மீண்டும் கண்டறிந்தனர். இத்தனைக்கும் அக்காலமெல்லாம் இலட்சக்கணக்கான அடியார்கள் அதே மலையில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்!

தெலுங்கர் இதனைப் பங்காரு பல்லி என்பர். காஞ்சி வரதராசர் கோயிலில் நாம் தொட்டு வணங்கும் தங்கப் பல்லி உலோகத்தாலானது, இதுவோ உயிருள்ளது. ஆனால் எப்போதும் பொன்னிறமாகவே இருக்கும் என்று எண்ணிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பல்லியே பளிச்சென்ற மஞ்சள் நிறம் கொள்ளும். மற்ற வேளைகளில் இவை பாறையின் பழுப்பு நிறத்தோடு ஒன்றி நிற்கும். அருகில் நின்றாலும் தெரியாது. ஓடையருகே நிழலும் ஈரமும் உள்ள பாறைப் பிளவுகளும் குகைகளுமே இவற்றின் வீடு. விரல் நுனிகளில் இலை போல் விரிந்த ஒட்டு மடிப்புகள் இருப்பதால் செங்குத்தான பாறையிலும், குகையின் கூரையிலும் தயக்கமின்றி ஓடும்.

பல்லி தென்படாவிடினும் அதன் முட்டைகள் தென்படலாம். பல பெண் பல்லிகள் ஒரே பாறைமுகத்தில் முட்டைகளைக் கூட்டங்கூட்டமாக ஒட்டி வைக்கின்றன. குஞ்சு பொரித்த பின்னும் ஓட்டின் வெண்ணிற வட்டங்கள் கல்லில் தங்கிவிடும். தேர்ந்தவர் முதலில் தேடுவது இந்தத் தழும்புகளையே. வேலூர்ப் பக்கத்து மலைகளிலும் இப்பல்லி உண்டு. இதற்கு உடன்பிறப்பு போன்ற மற்றோர் இனம் இலங்கையில் வாழ்கிறது. 1953-இல் தெரணியகல அதனை விவரித்தார். இப்பேரினத்தில் இவ்விரண்டே உள்ளன.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டார்ச் விளக்குடன் இரவில் தனியே சேஷாசலக் காட்டுக்குள் புகுவது தகாது. இது செம்மரக் கடத்தலுக்காகக் காவல் போடப்பட்ட காடு. 2015 ஏப்ரல் 7-இல் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர் இருபது பேர் இங்கே காவலரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். தமிழ் பேசுபவர் அவ்வேளையில் அங்கே நின்றால் என்ன பொருள் கொள்ளப்படும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. மேலும், 2023 ஆகஸ்டில் அலிப்பிரி நடைபாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றது. ஆகவே வனத்துறையின் அனுமதி பெற்று, உள்ளூர் வழிகாட்டியுடன் பகலொளி மங்குமுன் திரும்புவதே முறை.

அனுமதி கிட்டவில்லையென்றால் மனம் சோர வேண்டாம். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலசமுத்திரம் போன்ற ஊர்களின் பக்கம், வயலோரப் புதர்களும் கற்குன்றுகளும் பார்வைக்குத் திறந்தே கிடக்கின்றன. காலை எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறியதும் பாறை ஓணான் உச்சியில் வந்து அமரும். வெறுந்தரையில் சிறிய விசிறித்தொண்டை ஓணான் பின்னங்கால்களால் எழுந்து ஓடுவதையும், தொண்டைத் தோலை விரித்துக் காட்டுவதையும் காணலாம். மழை பெய்த மறுநாள் நட்சத்திர ஆமை புல் மேய வெளிவரும்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். வெளிநாட்டு வியாபாரியோ அதை அதிர்ஷ்டம் என்று விலை கொடுத்து வாங்குகிறான். சென்னை விமான நிலையத்தில் பெட்டிகளில் அடைத்த ஆமைகள் பலமுறை பிடிபட்டுள்ளன. இதன் பன்னாட்டு வாணிகம் 2019-இல் தடை செய்யப்பட்டது. குழந்தைக்கு விளையாட்டாக ஒன்றை எடுத்துச் செல்வதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமே. கண்டதைப் படம் பிடித்துக்கொண்டு, புரட்டிய கல்லை இருந்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும்.

கல்லைக் கையால் புரட்டுவதும் கூடாது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் இங்கே வாழ்கின்றன. தப்பித்தவறிக் கடித்துவிட்டால் கயிற்றால் இறுகக் கட்டுதல், கத்தியால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகியவை தீமையே செய்யும். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து நஞ்சு முறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைவதே வழி. அம்மருந்துக்கு வேண்டிய நஞ்சைச் சேகரிப்பவர்களும் நம்மவர்களே: மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் மக்களின் கூட்டுறவுச் சங்கம், 1978-இல் தொடங்கப்பட்டது முதல், இந்நான்கு பாம்புகளையும் பிடித்து நஞ்சை எடுத்துக்கொண்டு உயிருடன் காட்டிலேயே விட்டுவிடுகிறது.