பல்பம் தின்ற பையன்

தொடக்கப்பள்ளி ஆசிரியராக வேண்டும் என்ற ஆசையோடு பட்டயப் பயிற்சி பயின்று வருபவன் நான். கற்பித்தல் பயிற்சிக்காகச் சில வாரங்கள் கல்வராயன் மலையில் உள்ள ஒரு சிறிய பள்ளியில் இருக்க நேர்ந்தது. அங்கே ஒரு சிறுவனிடம் நான் கற்றுக்கொண்ட பாடத்தைப் பற்றியே இக்கட்டுரை. பாடம் கல்வியியலைச் சேர்ந்ததன்று. ஒரு புழுவையும், ஓர் உலோகத்தையும் பற்றியது.

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணையை ஒட்டி மலையேறினால் வெள்ளிமலை வரும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன், பச்சைமலைக்கும் சவ்வாது மலைக்கும் உறவுமுறை. பெரும்பகுதி 2,000 முதல் 3,000 அடி உயரமே. இங்கு வாழ்பவர்களுள் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். (பெயரைக் கண்டு கேரளத்தை நினைக்க வேண்டா, மலையை ஆள்பவர் என்று பொருள் கொள்க. இவர்கள் பேசுவது தமிழ்.) 1976 வரை இம்மலை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமானது. பள்ளியும் மருத்துவமனையும் சமவெளிக்கு வந்து நெடுநாள் கழித்தே இங்கு ஏறி வந்தன என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டா. முழங்கையை ஊன்றிக் கன்னத்தைத் தாங்கியபடி எப்போதும் கடைசி வரிசையில் இருப்பான். கேள்வி கேட்டால் விழிப்பான். விளையாட்டு வேளையில் சுவரோரம் உட்கார்ந்திருப்பான். இவற்றைவிட எனக்கு எரிச்சலூட்டியது வேறொன்று. காலையில் அவனுக்கு ஒரு முழுப் பல்பம் கொடுத்தால் மாலைக்குள் அது இருக்காது. எழுதிக் கரைத்தான் என்றால் சிலேட்டில் எழுத்து இருக்க வேண்டுமே! நான்காம் நாள், "இன்னிக்கும் தொலைச்சிட்டியா, சோம்பேறி?" என்று வகுப்பே கேட்கும்படி கடிந்துகொண்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த சிறுமிதான் எழுந்தாள்: "அவன் தொலைக்கல சார். தின்னுடுறான் சார்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்திருப்பேன். ஆனால் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. பையனை வெளிச்சத்துக்கு அழைத்துச் சென்று, கீழ் இமையை விரலால் மெல்லத் தாழ்த்தினார். "பாருங்க தம்பி" என்றார். செக்கச்செவேல் என்று இருக்க வேண்டிய இமையின் உட்புறம் வெளிறிப்போய் இருந்தது. நாக்கும் அப்படியே, நகங்களும் அப்படியே. அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பரிசோதித்தார்கள். ஹீமோகுளோபின் எட்டைச் சற்றே தாண்டி நின்றது. ஐந்து முதல் பதினொரு வயது வரையுள்ள குழந்தைக்கு 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் குறைந்தது 11.5 கிராம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

மண், சாம்பல், சாக்குக்கட்டி, பல்பம், அரிசி ஆகியவற்றை அள்ளித் தின்னும் வேட்கை இரும்புச் சத்துக் குறைவின் அடையாளங்களுள் ஒன்று. ஏன் இவ்வேட்கை எழுகிறது என்பது இன்றும் முழுதாக விளங்கவில்லை. பல்பத்தைத் தின்பதால் இரும்புச் சத்து ஈடாவதும் இல்லை. சிலவகை மண் உணவிலுள்ள இரும்பையும் உறிஞ்சவிடாமல் தடுத்துவிடும். ஆனால் உடலில் இரும்பு சேரத் தொடங்கியதும் பலருக்கு இவ்வேட்கை தானாகவே அடங்கிவிடுகிறது. அடியும் திட்டும் அடக்காததை ஒரு புட்டி மருந்து அடக்குகிறது.

இரும்புக்கும் படிப்புக்கும் என்ன தொடர்பு? இரத்தத்தின் செவ்வணுக்களில் உள்ள ஹீமோகுளோபினின் நடுவே இருப்பது இரும்பு அணு. நுரையீரலில் பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு உடலெங்கும் கொண்டு சேர்ப்பது அதன் வேலை. இரும்பு குறைந்தால் சுமைகூலிகள் குறைந்த சந்தைபோல் ஆகிவிடுகிறது உடல். இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. குழந்தை சிறிது ஓடினாலே இளைக்கிறது. இது பலரும் அறிந்தது. அறியாத மற்றொன்று உண்டு. நரம்பு இழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை உருவாகவும், கவனத்துக்கும் ஊக்கத்துக்கும் தேவையான டோபமின் என்னும் வேதிப்பொருள் உண்டாகவும் இரும்பு வேண்டும். இரத்தச் சோகை வெளியில் தெரியுமுன்னரே உடலின் இரும்புக் கையிருப்பு வற்றிவிடுகிறது. ஆகவே, கவனம் சிதறும் குழந்தை எல்லாம் வெளிறித்தான் இருக்கும் என்பதில்லை.

இவை வெறும் ஊகமல்ல. 1980-களில் இந்தோனேசியாவின் ஜாவாவில் பொல்லிட்டும் அவருடைய கூட்டாளிகளும் இரத்தச் சோகையுள்ள பள்ளிக் குழந்தைகளுக்கு இரும்பு மருந்து கொடுத்துப் பார்த்தபோது அவர்களின் தேர்வு மதிப்பெண் உயர்ந்தது. நம் நாட்டிலேயே, பரோடாவில் சேஷாத்ரி, கோபால்தாஸ் ஆகிய இருவரும் நடத்திய ஆய்வுகள் 1989-ல் வெளியாயின. அவையும் அறிவாற்றல் சோதனைகளில் முன்னேற்றத்தையே காட்டின.

இரும்பு எங்கே போயிற்று? ஒரு பகுதி தட்டிலேயே வந்து சேரவில்லை. மலைக்குரிய பயிர்கள் சாமை, தினை, கேழ்வரகு. இன்று சேலம், ஆத்தூர் வட்டார ஜவ்வரிசி ஆலைகளை நம்பி மரவள்ளி பெரும் பரப்பில் பயிராகிறது. மரவள்ளி காசு தரும், வயிற்றையும் நிரப்பும். ஆனால் அது பெரும்பாலும் மாவுச்சத்தே. புரதம் நூற்றுக்கு ஒன்று, இரும்பு மிகச் சொற்பம். கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பிலும் மிகச் சிறு பங்கையே குடல் ஏற்றுக்கொள்கிறது. உணவோடு தேநீர் குடித்தால் அதுவும் குறைகிறது. நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் கூடுகிறது. நெல்லிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு கடுந்தேநீரோடு பொழுதைத் தொடங்கும் குழந்தைகளை மலையில் நான் பார்த்திருக்கிறேன்.

மற்றொரு பகுதியைத் திருடுவது கொக்கிப்புழு. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம். தலைப்பக்கம் கொக்கிபோல் வளைந்திருக்கும். சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். இது உடலுக்குள் நுழையும் வழியைக் கண்டுபிடித்த கதை சுவையானது. கெய்ரோ நகரில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜெர்மானிய அறிஞர் ஆர்தர் லூஸ், புழுவின் இளம் பருவங்கள் அடங்கிய நீரை விலங்குகளுக்கு ஊட்டும்போது ஒரு துளி அவர் கையில் சிந்திவிட்டது. சிந்திய இடம் அரித்துச் சிவந்தது. சில வாரங்களுக்குப் பின் தம் மலத்திலேயே கொக்கிப்புழுவின் முட்டைகளைக் கண்டார். வாய் வழியாக அன்று, தோலைத் துளைத்தே புழு உட்புகுகிறது என்று 1898-ல் அவர் எழுதியபோது பலர் நம்பவில்லை. பின்னர் அவர் சொன்னதே மெய்யென்று நிலைபெற்றது.

வெறுங்காலின் தோலைத் துளைக்கும் இளம்புழு இரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைகிறது. அங்கிருந்து மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து சேர்கிறது. அங்கே ஓராண்டுக்கு மேலும் குடியிருக்கும். முட்டைகள் மலத்தோடு வெளியேறும். ஈரமும் நிழலும் உள்ள மண் கிடைத்தால் ஓரிரு நாளில் பொரிந்து, பத்து நாளுக்குள் அடுத்த காலுக்குக் காத்திருக்கும். காய்ந்த வெயிலில் அது மடிந்துவிடும். மழைவளமும் மரநிழலும் உள்ள மலைச் சரிவு அதற்கு எவ்வளவு வசதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் பகுதியில் மிகுதியாகக் காணப்படும் நெகேட்டார் என்னும் வகையின் ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மி.லி. இரத்தம் குடிக்கும். ஒரு துளியே என்று அலட்சியப்படுத்தலாம். வயிற்றில் நூறு புழுக்கள் இருந்தால் 3 மி.லி. அதில் ஒரு மில்லி கிராமுக்குச் சற்று மேற்பட்ட இரும்பு இருக்கும். ஒரு பகுதி குடலிலேயே மீண்டும் உறிஞ்சப்பட்டாலும், எஞ்சியது இழப்புத்தான். அந்த வயதுக் குழந்தைக்கு உணவிலிருந்து நாள்தோறும் இரத்தத்தில் சேர வேண்டிய இரும்பே ஏறத்தாழ ஒரு மில்லி கிராம்தான். வரவு முழுவதையும் வாசலிலேயே பறிகொடுக்கும் குடும்பம் எப்படி நிமிரும்?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இப்புழு பரவியிருந்ததைச் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்னும் அறிஞர் 1902-ல் எடுத்துக்காட்டியபோது, ஒரு செய்தித்தாள் அதற்கு 'சோம்பேறித்தனத்தின் கிருமி' என்று பெயர் சூட்டியது. 1909-ல் ராக்பெல்லர் அளித்த பத்து லட்சம் டாலர் நன்கொடையில் தொடங்கிய ஒழிப்பு இயக்கத்தின்போது பார்த்ததில், பள்ளிக் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேரிடம் புழு இருந்தது. ஒழிப்புக்குப் பின் அப்பகுதிகளில் பள்ளி வருகையும் எழுத்தறிவும் உயர்ந்தன என்று பிற்கால ஆய்வு காட்டுகிறது. நான் அந்தப் பையனை அழைத்த அதே சொல்லை நூறாண்டுக்கு முன் ஒரு நாட்டின் தென் மாநில மக்கள்மேல் சுமத்தியிருந்தார்கள் என்பதைப் படித்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது.

இந்தியாவில் 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிகளில் அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரை தருகிறார்கள்; மென்று தின்ன வேண்டும். ஆண்டுக்கு இருமுறை ஏன்? மாத்திரை வயிற்றிலுள்ள புழுவைத்தான் கொல்லும், மண்ணிலுள்ளதை அன்று. கழிப்பறையும் காலணியும் வரும்வரை மாத்திரையும் வந்துகொண்டுதான் இருக்க வேண்டும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கென்யாவில் கிரெமர், மிகெல் ஆகியோர் நடத்திய புகழ்பெற்ற ஆய்வில், புழு நீக்கம் பள்ளிக்கு வராமையை நாலில் ஒரு பங்கு குறைத்தது. ஆனால் தேர்வு மதிப்பெண் உயரவில்லை. மாத்திரையின் பயன் எவ்வளவு என்பது பற்றி அறிஞர்களிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. மாத்திரை பையனை வகுப்புக்குக் கொண்டுவந்து உட்கார வைக்கும். கூட்டல் கணக்கை அது சொல்லிக் கொடுக்காது. அது என் வேலை.

இரும்புக்கும் தனி மாத்திரை உண்டு. ஐந்து முதல் ஒன்பது வயது வரை வாரம் ஒன்று, இளஞ்சிவப்பு நிறம், 45 மி.கி. இரும்பும் போலிக் அமிலமும் கொண்டது. சத்துணவுக்குப் பின், வயிறு நிறைந்திருக்கும்போது தருவதே முறை. இதில் ஆசிரியர் முன்கூட்டியே பெற்றோரிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது: மறுநாள் மலம் கறுத்துப் போகும். சொல்லாவிட்டால், "பள்ளிக்கூடத்துல எதையோ குடுத்துட்டாங்க" என்று ஒரு தாய் அஞ்சுவாள். அடுத்த வாரம் அந்தத் தெருவில் ஒரு குழந்தையும் மாத்திரையை விழுங்காது.

உணவைப் பற்றி ஒரு சொல். ஐந்து வயதையொட்டிய பருவத்தில், ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. வயது வந்தோரில் அது ஐந்தில் ஒரு பங்குதான். காலையில் வெறும் வயிற்றோடு மேடு பள்ளம் ஏறி இறங்கி வரும் குழந்தையிடம் நாம் கேட்பது அந்த மூளையின் உழைப்பை. தமிழ்நாட்டில் காமராசர் காலத்தில் 1956-ல் மதிய உணவுத் திட்டம் பரவியது. 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பின்னர் முட்டையும் சேர்ந்தது. 2022-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. காலை உணவுக்குப் பின் முதல் மணிநேர வகுப்பை நடத்திப் பார்த்தவர்களிடம் இதன் பயனுக்குச் சான்று கேட்கத் தேவையில்லை.

ஆசிரியர் மருத்துவர் அல்லர் என்பதையும் மறக்கக்கூடாது. இமையைப் பார்ப்பது ஐயம் எழுப்பத்தான். லேசான சோகை கண்ணுக்குத் தப்பிவிடும், இரத்தப் பரிசோதனைதான் முடிவு. எல்லாச் சோகையும் இரும்புக் குறைவன்று. நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் வடிவச் செவ்வணு 1952-லேயே கண்டறியப்பட்டது. அதனால் வரும் சோகையை இரும்பு மருந்து தீர்க்காது. எனவே நம்மால் முடிந்தது, பார்ப்பதும் அனுப்புவதும். பலகையைப் பார்த்துத் தப்பாக எழுதும் குழந்தைக்குக் கண்ணையும், கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காதையும் முதலில் ஐயுற வேண்டும். புத்தியை அப்புறம் ஐயுறலாம்.

பையனுக்குப் புழு மாத்திரையும் இரும்பு மருந்தும் கொடுத்தார்கள். என் பயிற்சிக் காலம் அதற்குள் முடிந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்துத் தலைமையாசிரியரிடம் தொலைபேசியில் விசாரித்தேன். "முன்ன மாதிரி இல்ல தம்பி, ஓடுறான், சண்டை போடுறான். இப்பல்லாம் பல்பம் மீதி இருக்குது" என்றார். அரசு கொடுத்த காலணி என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அதையா கேக்குறீங்க? தேஞ்சிடுமாம். கையிலதான் எடுத்துக்கிட்டு வரான்."