ஒரு சாண் நீளக் கரு

"நல்ல காங்கயம் பசு ஒன்றிடமிருந்து ஒரே வருஷத்தில் பத்துக் கன்று எடுக்கலாம் என்கிறார்களே, நடக்கிற காரியமா?" என்று தாராபுரம் பக்கமிருந்து வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். நடக்கிற காரியம்தான். ஆனால் அந்தப் பத்தையும் சுமக்கப்போவது அவருடைய நல்ல பசு அல்ல, வேறு பசுக்கள். கடிதத்தில் அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சினை ஊசியால் காளையின் வம்சம்தான் ஊர் ஊராகப் பரவுகிறது. பசு எவ்வளவு உயர்ந்ததானாலும் வருஷத்துக்கு ஒரு கன்றோடு சரி. இத்தனைக்கும் கிடேரிக் கன்று பிறக்கும்போதே அதன் சூலகங்களில் லட்சம் முட்டைகளுக்குக் குறைவிருக்காது. அவற்றில் சிலவற்றை உயிருள்ள பசுவிடமிருந்தே எடுக்கும் வழியை 1980களின் இறுதியில் நெதர்லாந்தில் கண்டார்கள். மருத்துவர் ஒரு கையை ஆசனவாய் வழியே விட்டுச் சூலகத்தைப் பிடித்து, பிறப்புறுப்புக்குள் செலுத்திய ஸ்கேன் கருவியின் முனையோடு அணைத்துக்கொள்கிறார். திரையில் கரும்புள்ளிகள் தெரிகின்றன. ஒவ்வொன்றும் நீர் நிறைந்த சிறு பை, சில மில்லிமீட்டர் அகலம். ஊசி நுழைந்ததும் புள்ளி சுருங்கி மறைகிறது. நீரோடு முட்டை குழாயில் இறங்குகிறது. பிரேசிலுக்குப் போன நம் கிர், ஓங்கோல் மாடுகள் இதில் ஐரோப்பிய இனங்களைவிடக் கூடுதலாக முட்டை தருகின்றன. அந்த நாடு இந்தத் தொழிலில் முன்னணிக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு ஆய்வக வேலை. முட்டையை ஒரு நாள் முதிரவிட்டு, விந்தோடு சேர்த்து, 38.5 டிகிரி வெப்பத்தில் ஏழு நாள் வளர்க்கிறார்கள். நூறு முட்டையில் முப்பது, நாற்பதுதான் கருவாகத் தேறும். இப்படி உடலுக்கு வெளியே முட்டையோடு விந்தைச் சேர்த்ததில் முதல் பசுங்கன்று 1981இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தது. முதல் எருமைக் கன்று 1990இல் நம் கர்னால் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது.

ஏழாம் நாள் கரு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுகூட இராது. அதைச் சுமக்கப்போகும் பசுவும் பருவத்துக்கு வந்து ஏழு நாளாகியிருக்க வேண்டும். முட்டை இருந்த பை வெடித்த இடத்தில், சூலகத்தில், ஒரு மஞ்சள் திரள் உருவாகியிருக்கும். அது வலமா இடமா என்று பார்த்து, அதே பக்கத்துக் கருப்பைக் கொம்பில் கருவை விடுகிறார்கள்.

அதற்குப் பின் நடப்பதை எத்தனை தரம் படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. கரு கருப்பையில் உடனே ஒட்டிக்கொள்வதில்லை. பத்து நாளுக்கு மேல் மிதந்தபடியே, கருப்பை சுரக்கும் ஊட்டநீரை உண்டு வளர்கிறது. உருண்டையாக இருந்தது இரண்டாம் வாரக் கடைசியில் நீளத் தொடங்குகிறது. என் அம்மா பஞ்சு உருண்டையை விரலிடையில் வைத்து விளக்குத்திரி இழுப்பார். அப்படித்தான் இதுவும் இழுபட்டு, மூன்றாம் வாரம் முடிவதற்குள் சாண் நீள இழையாகிவிடுகிறது. அந்த இழை இன்டர்பெரான் டௌ என்ற புரதத்தைச் சுரக்கிறது. இன்டர்பெரான் குடும்பத்துப் புரதங்களை உடல் வழக்கமாகச் சுரப்பது வைரஸை எதிர்க்க. இங்கே அதற்கு வேறு வேலை. சினை இல்லாவிட்டால் பதினேழாம் நாள் வாக்கில் கருப்பையே ஒரு ஹார்மோனை அனுப்பி மஞ்சள் திரளைக் கரைத்துவிடும். பசு 21ஆம் நாள் மறுபடி பருவத்துக்கு வந்து கத்தும். அந்த ஹார்மோன் கிளம்பாமல் தடுப்பது இந்தப் புரதம்தான். இழை வளராமல் குட்டையாக நின்றுவிட்டால் போதிய புரதம் சுரக்காது, கரு தங்காது. ஆய்வகத் தட்டில் இந்த நீட்சியை முழுமையாக நிகழ்த்திக் காட்ட இன்னும் முடியவில்லை. அதற்குச் சுமக்கும் பசுவின் ஊட்டநீர் வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, அந்தப் பசுவை நடத்தும் விதத்தைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை. முட்டை தரும் பசுவுக்குத் தனிக் கொட்டகை, தாது உப்பு, கவனிக்க ஆள். சுமப்பதற்கோ சந்தையில் மலிவாகக் கிடைத்த, விலா எலும்பு தெரிகிற மாடு. சினை நிற்காவிட்டால் பழி ஆய்வகத்தின் மேல். சின்னக் கிடேரியில் கருவை வைத்துவிடுகிறவர்களும் உண்டு. ஆய்வகக் கரு சில சமயம் அளவுமீறிப் பருத்த கன்றாக வளரும். ஈன முடியாமல் தவிப்பது அந்தக் கிடேரி.

தாராபுரத்துக்காரருக்கு என் பதில் இது: வைக்கும் கருவில் பாதிக்குக் குறைவாகத்தான் சினை நிற்கும் என்று கணக்கிடுங்கள். பத்துக் கன்றுக்கு இருபத்தைந்து பசு தயாராக இருக்க வேண்டும். முட்டை எடுக்கும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே அவற்றைத் தேர்ந்தெடுத்து, குடற்புழு நீக்கி, வயிறாரத் தீனி போடுங்கள். ஈன்று கருப்பை ஆறாத பசுவை ஒதுக்கிவிடுங்கள். பத்துக்கும் ஒரே காளையின் விந்து வேண்டாம். எண்ணிக்கை குறைந்துவரும் இனத்தில் உடன்பிறப்புகளை மட்டும் பெருக்கினால் அடுத்த தலைமுறைக்கு இணை தேட முடியாது. உங்கள் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது மேய்ச்சல் காடுகளில், கிளுவை வேலியைப் பிடுங்கி மனை போடுகிறார்கள். கொழுக்கட்டைப் புல் இன்னும் மிச்சமிருக்கும் உங்கள் காடு எத்தனை பசுவைத் தாங்கும் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பத்துப் பசுவைத்தான் தாங்குமென்றால் பத்தில் மட்டும் கருவை வையுங்கள், நாலு கன்று கிடைக்கும்.