உட்கார்ந்து கேட்ட பாட்டு

போன வருஷம் எனக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. "குனியக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, அடுப்பங்கரைப் பக்கமே போகக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டரம்மா. நாற்பது வருஷமாக அடுப்படியே கதி என்று இருந்தவளுக்கு இது எப்படிப்பட்ட தண்டனை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்திரிகையைப் பிரித்தால் கண்ணில் நீர் கோர்த்தது. கடைசியில் மகன்தான் செல்போனில் இளையராஜாவைப் போட்டு, காதில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனான்.

இளையராஜா எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர். கோம்பைக்கும் தேவாரத்துக்கும் நடுவில் பண்ணைப்புரம். அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு கட்சிக் கூட்டங்களில் வாசித்துத் திரிந்த பிள்ளை என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்.

1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயசு. பெரியாறு தண்ணீர் வந்து முதல்போக நடவு நடந்துகொண்டிருந்தது. ஊருக்குள் ஒரு கல்யாண வீட்டில் குழாய் ரேடியோ கட்டியிருந்தார்கள். ஜானகியம்மா குரல் வயல் வரைக்கும் வந்தது. அம்மா நாற்றுமுடியைக் கையில் வைத்தபடி நிமிர்ந்து, "ஏண்டி, இது நம்ம பாட்டுல்ல? இதை யாரு அவனுக்குச் சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டாள். அந்தப் படத்தில் கல்யாணத்துக்கு நெல் குத்துகிற பாட்டு ஒன்று உண்டே, அதைக் கேட்டால் உலக்கை பிடித்த கை சும்மா இருக்காது. வேலை செய்துகொண்டே கேட்கத் தோதான பாட்டுகள். அதனால்தானோ என்னவோ, பெண்களிடம் அவை அப்படி ஒட்டிக்கொண்டன.

ஆனால் ஒன்று. பல்லவி முடிந்து சரணம் தொடங்குமுன் வயலினும் புல்லாங்குழலுமாக ஒரு இடையிசை வரும் பாருங்கள், அந்த நேரத்தில்தான் நான் எழுந்துபோய் உலையைப் பார்ப்பேன், பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிடுவேன். பாடும் குரல் திரும்ப வரும்போது நானும் திரும்ப வருவேன். நாற்பது வருஷமாக அவர் பாட்டில் பாதியைத்தான் கேட்டிருக்கிறேன் என்பது கண்ணைக் கட்டி உட்காரவைத்த பிறகுதான் உறைத்தது!

சினிமாப் பாட்டு நாலைந்து நிமிஷம். மெட்டு கதைக்கு, குரல் பாடுகிறவருக்கு. அவருக்கே அவருக்கென்று மிஞ்சுவது அந்த இடையிசைதான். பத்து வருஷம் கழித்து, 1986-ல், 'ஹவ் டு நேம் இட்' என்ற இசைத்தட்டைப் போட்டார். அதற்கு இரண்டு வருஷத்தில் 'நத்திங் பட் விண்ட்'. இரண்டிலும் கதாநாயகியும் இல்லை, சரணமும் இல்லை. எனக்குத் தோன்றியது இதுதான்: நான் எழுந்துபோன நேரத்தையெல்லாம் சேர்த்து இரண்டு தட்டுகளாகச் செய்துவிட்டார்.

முதல் தட்டைத் தியாகராஜருக்கும், ஜெர்மனியில் முந்நூறு வருஷத்துக்கு முன் வாழ்ந்த பாக் என்பவருக்கும் சமர்ப்பித்திருக்கிறார். அதில் பாக்கின் வயலின் இசையையே எடுத்து, நம் ராகத்தோடு இழைத்த இடம் ஒன்று வருகிறது. வி.எஸ். நரசிம்மன் வாசிப்பு. முதல் தடவை கேட்டபோது, வீட்டுக்கு வந்த இரண்டு விருந்தாளிகள் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி இருந்தது. மூன்றாம் நாள்தான், ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்கிறார் என்று புரிந்தது. சில இடங்கள் இன்னமும் பரீட்சை எழுதின மாதிரிதான் படுகின்றன. பெரியவர் மன்னிக்கட்டும்.

2005-ல் வந்த திருவாசகமும் கேட்டேன். புடாபெஸ்ட் வாத்தியக்காரர்களின் வாசிப்பு கம்பீரம்தான். ஆனால் மாணிக்கவாசகர் உருகிக்கொண்டிருக்கும்போது நடுவில் இங்கிலீஷ் வருகிறதா, எனக்கு உருக்கம் விட்டுப்போனது. 2025 மார்ச்சில், 81 வயசில், லண்டனில் சிம்பொனி அரங்கேற்றினார். அதை இன்னும் முழுசாக உட்கார்ந்து கேட்கவில்லை.

'நத்திங் பட் விண்ட்' தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். ஒரு மத்தியானம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அம்மா ஞாபகம் வந்துவிட்டது. நடவில் ஒரு அடி பாடி நிறுத்துவாள். மற்ற பெண்கள் வாங்கிப் பாடுமுன் ஒரு மூச்சு இடைவெளி இருக்கும். சேற்றில் கால் எடுத்துவைக்கிற சத்தம் மட்டும் கேட்கும். அவள் போய்ப் பதினெட்டு வருஷம். அவளுடைய பாட்டு ஒன்றையும் நான் எழுதிவைக்கவில்லை, கேட்டு வாங்கவும் இல்லை. அன்றைக்கு நினைத்து நினைத்துப் பார்த்தேன். ஒரு மெட்டு வந்தது. வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. கண்ணில் மருந்து விட்டிருக்கிறது, அழக்கூடாது என்று மருமகள் அதட்டினாள்.

சொட்டு மருந்தெல்லாம் நிறுத்தி, அடுப்படிக்குத் திரும்பி வந்தாயிற்று. ஆனாலும் மத்தியானம் மூன்று மணிக்கு அரைமணி நேரம் உட்கார்ந்துவிடுகிறேன். நேற்று பால் பொங்கி வழிந்துவிட்டது. மருமகள் ஒன்றும் சொல்லாமல் அடுப்பைத் துடைத்தாள்.