ஆய்வுக் கூடத்திலிருந்து அங்காடிக்கு: கண்டுபிடிப்பும் உரிமமும்

கண்ணாடிக் குடுவையில் சில கிராம் அளவில் செய்து காட்டப்பட்ட ஒரு பொருளை ஆலையில் டன் கணக்கில் உற்பத்தி செய்வது முற்றிலும் வேறான தொழிலாகும். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்க முடியாமல் நின்றுபோன கண்டுபிடிப்புகள் நம் நாட்டுப் பல்கலைக் கழகங்களில் ஏராளம். ஆய்வேடு ஏற்கப்படுகிறது, முனைவர் பட்டம் வழங்கப்படுகிறது, ஆய்விதழில் கட்டுரை வெளியாகிறது. அத்துடன் அந்த அறிவு நூலகத்தில் அடங்கிவிடுகிறது. இதற்கு ஆய்வாளரைக் குறை கூறிப் பயனில்லை. அவருடைய பதவி உயர்வு கட்டுரைகளைப் பொறுத்ததேயன்றி, ஆலைகளைப் பொறுத்ததன்று.

2020-21ஆம் ஆண்டில் இந்தியா ஆராய்ச்சிக்கும் வளர்ச்சிக்கும் செலவிட்ட தொகை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு. அதில் பெரும் பகுதி அரசுகளின் பணம். எனவே, ஆய்வின் பயன் மக்களை எவ்வாறு, என்ன விலையில் வந்தடைகிறது என்பது வரி செலுத்துவோர் அனைவருக்கும் உரிய கேள்வியாகும்.

இடையில் உள்ள வெளி

ஒரு தொழில்நுட்பத்தின் முதிர்ச்சியை ஒன்பது படிகளாகப் பிரித்துப் பார்ப்பது இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. அடிப்படைத் தத்துவம் கண்டறியப்படுவது முதற்படி. உண்மையான பயன்பாட்டில் நிலைபெறுவது ஒன்பதாம் படி. பல்கலைக் கழக ஆய்வு பெரும்பாலும் மூன்றாம் அல்லது நான்காம் படியில் நின்றுவிடுகிறது. தொழில் நிறுவனங்களோ ஏழாம் படிக்குக் கீழே உள்ள எதிலும் பணம் போடத் தயங்குகின்றன. இடைப்பட்ட படிகளில்தான் முன்மாதிரி ஆலை, நீண்டகாலச் சோதனை, தரச் சான்று ஆகிய செலவு மிக்க பணிகள் அமைகின்றன. அவற்றில் புதிய அறிவியல் உண்மை எதுவும் பிறப்பதில்லை. ஆகவே ஆய்வு நிதியும் அவற்றுக்கு எளிதில் கிடைப்பதில்லை.

இந்த இடைவெளியைச் சுதந்திர இந்தியா தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. அரசு ஆய்வுக் கூடங்களின் கண்டுபிடிப்புகளைத் தொழில்களுக்கு உரிமம் அளிப்பதற்கென்றே தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் 1953ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறையை மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் வகுத்தது. அதை ஆனந்த் நகரின் கூட்டுறவுப் பால் ஒன்றியம் சந்தைக்குக் கொண்டுவந்தது. துர்காபூரிலுள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டிராக்டர், 1974ஆம் ஆண்டில் பஞ்சாபில் ‘ஸ்வராஜ்’ என்ற பெயரில் உற்பத்திக்கு வந்தது. இரண்டாவது நிகழ்ச்சியில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. வரைபடங்கள் மட்டும் பஞ்சாபுக்குச் செல்லவில்லை. அவற்றை வரைந்த பொறியாளர்களும் புதிய நிறுவனத்தில் சேர்ந்தனர். எழுத்தில் அடங்காத செய்முறை அறிவு மனிதர்களோடுதான் பயணம் செய்கிறது. உரிம ஒப்பந்தங்களை எழுதும் அலுவலர்கள் அடிக்கடி மறந்துவிடும் செய்தி இது.

வெளியிடுவதா, காப்பதா?

காப்புரிமை பெறுவதற்குக் கண்டுபிடிப்பு புதியதாக இருத்தல் வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முன்பே அது ஆய்விதழில் அச்சாகிவிட்டால், கண்டுபிடித்தவரே எழுதிய கட்டுரையாயினும், அந்தப் புதுமை பறிபோகிறது. 1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் இதற்குச் சில விலக்குகளை அளிக்கிறது. மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சியில் காட்டப்பட்டவை, கற்றோர் கழகத்தின் முன் படிக்கப்பட்ட கட்டுரைகள் ஆகியவற்றுக்குப் பன்னிரண்டு மாத அவகாசம் உண்டு. ஆயினும் இந்த விலக்குகள் குறுகியவை. பிற நாடுகளில் அவை செல்லுபடியாகும் என்ற உறுதியும் இல்லை.

முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் பொது இணையக் களஞ்சியத்தில் சேர்க்கும் ஏற்பாடு வந்தபின் இந்த இடர் மேலும் பெருகியுள்ளது. முன்பு ஒரு நூலகத்தில் ஒரே படியாக இருந்த ஆய்வேட்டை இன்று உலகில் எவரும் படிக்கலாம். இதற்குச் சட்டத்திலேயே எளிய வழி உள்ளது. முதலில் தற்காலிக விவரக் குறிப்புடன் விண்ணப்பித்துத் தேதியைப் பதிவு செய்துகொள்ளலாம்; முழு விவரக் குறிப்பைப் பன்னிரண்டு மாதங்களுக்குள் தந்தால் போதும். அந்தத் தேதிக்குப் பிறகு கட்டுரையை வெளியிட, விவரக் குறிப்பில் அடங்கிய அளவுக்குத் தடையில்லை. எனவே கட்டுரைக்கும் காப்புரிமைக்கும் பகை இல்லை. எது முதலில் என்ற வரிசை மட்டுமே முக்கியம்.

2021ஆம் ஆண்டில் விதிகள் திருத்தப்பட்டு, கல்வி நிறுவனங்களுக்கான காப்புரிமைக் கட்டணம் 80 விழுக்காடு குறைக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் வேறொரு போக்கும் கூடவே வளர்ந்துள்ளது. நிறுவனங்களின் தேசியத் தரவரிசையில் காப்புரிமைகளின் எண்ணிக்கையும் கணக்கில் கொள்ளப்படுவதால், எண்ணிக்கைக்காகவே விண்ணப்பிக்கும் பழக்கம் பரவி வருகிறது. எவரும் உரிமம் கேட்காத காப்புரிமை ஒரு செலவினமேயன்றிச் சொத்து ஆகாது. ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டிய நிலை வரும்போதுதான் பல நிறுவனங்கள் இதை உணர்கின்றன.

உரிமத்தின் உள்ளமைப்பு

உரிமம் என்பது விற்பனை அன்று, குத்தகை போன்றது. காப்புரிமை பல்கலைக் கழகத்திடமே இருக்கும். அதைப் பயன்படுத்தும் அனுமதி மட்டும், குறித்த காலத்திற்கு, குறித்த துறையில், குறித்த நிலப்பரப்பில் ஒரு நிறுவனத்திற்கு வழங்கப்படுகிறது. ஒருவருக்கு மட்டும் வழங்கினால் அது தனியுரிமம். பலருக்கும் வழங்கினால் பொது உரிமம்.

உரிமத்திற்கான கொடுப்பனவும் பல வகைப்படும். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். ஒரு நிறுவனம் தொடக்கத் தொகையாக 5 லட்சம் ரூபாயும், நிகர விற்பனையில் 3 விழுக்காடு உரிமத் தொகையும் தர ஒப்புக்கொள்கிறது. ஓர் ஆண்டில் 2 கோடி ரூபாய்க்கு விற்பனை நடந்தால், உரிமத் தொகை 6 லட்சம் ரூபாய். விற்பனையே நடக்காவிட்டால் தொடக்கத் தொகைக்கு மேல் பல்கலைக் கழகத்திற்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. அதைவிடக் கேடு, தனியுரிமம் பெற்ற நிறுவனம் தன்னுடைய பழைய பொருளுக்குப் போட்டி வராதிருக்கவே புதிய தொழில்நுட்பத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடலாம். இதைத் தடுக்கவே குறைந்தபட்ச ஆண்டுத் தொகை, குறித்த தேதிக்குள் உற்பத்தி தொடங்காவிடில் உரிமம் ரத்தாகும் என்ற விதி ஆகியவை சேர்க்கப்படுகின்றன. இவ்விரண்டும் இல்லாத தனியுரிம ஒப்பந்தத்தில் எந்தப் பதிவாளரும் கையொப்பமிடுதல் கூடாது.

எதற்குத் தனியுரிமம், எதற்குப் பொது உரிமம் என்பதைப் பொருளின் தன்மையே முடிவு செய்ய வேண்டும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகம் மரபணு இணைப்பு முறைக்கான காப்புரிமையைக் கேட்ட நிறுவனங்களுக்கெல்லாம் வழங்கியது. அது ஓர் அடிப்படைக் கருவியாதலால் பலரும் பயன்படுத்தினர். 1997ஆம் ஆண்டில் காப்புரிமை முடிவடைவதற்குள் 25 கோடி டாலருக்கு மேல் வருவாய் கிடைத்தது. மாறாக, பல ஆண்டுச் சோதனையும் பெரு முதலீடும் தேவைப்படும் மருந்துக்கு, ஓரளவு தனியுரிமை இல்லாமல் எந்த நிறுவனமும் முன்வருவதில்லை.

ஒரு தடுப்பு மருந்தின் வரலாறு

இவ்விரு எல்லைகளுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதற்கு ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து நல்ல சான்றாகும். 1980களின் நடுவில், புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிலையத்தில் பிறந்த குழந்தைகள் சிலரிடம் ஒரு ரோட்டா வைரஸ் வகை கண்டறியப்பட்டது. அது தொற்றிய குழந்தைகளுக்கு நோய்க்குறி தோன்றவில்லை. பிற்காலத்தில் கடுமையான வயிற்றுப்போக்கிலிருந்து பாதுகாப்பும் கிடைத்தது. இயற்கையே தயாரித்து வைத்த தடுப்பு மருந்து என்று சொல்லத்தக்க இந்த வகைக்கு 116இ என்று பெயரிடப்பட்டது. இதன் ஆய்வை வழிநடத்தியவர் மருத்துவர் எம்.கே.பான். இதே காலத்தில் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தாரும் அங்குள்ள குழந்தைகளிடமிருந்து வேறொரு வகையைப் பிரித்தெடுத்தனர்.

1987ஆம் ஆண்டில் தொடங்கிய இந்திய-அமெரிக்கத் தடுப்பு மருந்துத் திட்டத்தின் கீழ் இவ்விரு வகைகளும் ஆராயப்பட்டன. உற்பத்திக்கு ஐதராபாத்தைச் சேர்ந்த பாரத் பயோடெக் நிறுவனம் தேர்ந்தெடுக்கப்பட்டது. முதற்கட்டச் சோதனைகளில் தில்லி வகை சிறந்த எதிர்ப்பாற்றலைத் தூண்டியதால் பெங்களூர் வகை கைவிடப்பட்டது. பின்னர் தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் இறுதிக்கட்டச் சோதனை நடைபெற்றது. முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு சுமார் 56 விழுக்காடு குறைந்தது. 2014ஆம் ஆண்டில் அனுமதி கிடைத்து, 2015 மார்ச்சில் மருந்து வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டு நான்கு மாநிலங்களின் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றது. 2018இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் முன்தகுதியும் பெற்றது.

கண்டுபிடிப்பிலிருந்து வெளியீடு வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். இக்காலம் முழுவதும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெளிநாட்டு அறக்கட்டளைகளும் செலவின் பெரும் சுமையைப் பகிர்ந்துகொண்டன. அதனால்தான் அரசுகளுக்கு ஒரு வேளை மருந்தை ஒரு டாலருக்குத் தருவதாக நிறுவனம் முன்கூட்டியே அறிவிக்க முடிந்தது. பொதுப்பணம் இடைப்பட்ட படிகளில் செலவிடப்படுமானால், விலையைப் பற்றிப் பேசும் உரிமையும் பொதுமக்களுக்குக் கிடைக்கிறது. மருந்து தயாரான பின்பு விலை பேசுவது, மணம் முடிந்த பின் சீர்வரிசை பேசுவதைப் போன்றது.

யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டுக்கு முன் அரசு நிதியில் விளைந்த காப்புரிமைகள் அரசிடமே இருந்தன. ஏறத்தாழ 28,000 காப்புரிமைகளில் 5 விழுக்காட்டுக்கும் குறைவானவையே உரிமம் பெற்றுப் பயன்பட்டன என்று அப்போது சுட்டிக்காட்டப்பட்டது. அவ்வாண்டு இயற்றப்பட்ட பே-டோல் சட்டம் அந்த உரிமையைப் பல்கலைக் கழகங்களுக்கு மாற்றியது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகம் இத்தகைய உரிமையை நிருவாக ஆணையின் வழியே வழங்கியது. தான் நிதி அளிக்கும் திட்டங்களின் கண்டுபிடிப்புகள் ஆய்வு நிறுவனத்திற்கே உரியவை என்றும், வருவாயில் மூன்றில் ஒரு பங்கு வரை கண்டுபிடிப்பாளர்களுக்கு வழங்கலாம் என்றும் அது கூறியது. மேலே காட்டிய எடுத்துக்காட்டில் ஆய்வாளருக்கு அவ்வாண்டில் 2 லட்சம் ரூபாய் வரை கிடைக்கலாம்.

இதைச் சட்டமாக்க 2008ஆம் ஆண்டில் மாநிலங்கள் அவையில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. கண்டுபிடிப்பை நிதியளித்த அரசுக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கி, தவறினால் தண்டனையும் விதித்தது அம்மசோதா. ஆய்வாளர்களை ஊக்குவிக்க வந்த சட்டம் அவர்களை அச்சுறுத்துகிறது என்ற எதிர்ப்பு எழுந்தது. பொது அறிவு தனியார் வசமாகும் என்ற கவலையும் எழுந்தது. 2014இல் அது திரும்பப் பெறப்பட்டது. நம்முடைய மாநிலப் பல்கலைக் கழகங்கள் பலவற்றில் உரிமங்களைக் கவனிக்க முழுநேர அலுவலர் ஒருவர்கூட இல்லாத நிலையில், அச்சட்டம் நிறைவேறியிருந்தாலும் பெரும் பயன் விளைந்திருக்குமா என்பது ஐயமே.

ஆய்வாளரே தொழில் முனைவோராக

உரிமம் வாங்க ஆளில்லாதபோது கண்டுபிடித்தவர்களே நிறுவனம் தொடங்குவது மற்றொரு வழி. 1980களில் தொடங்கிய அறிவியல் தொழில்நுட்பத் தொழில்முனைவோர் பூங்காத் திட்டம் இதற்கு முன்னோடி. அவற்றுள் தொடக்கக் காலப் பூங்கா ஒன்று 1986இல் திருச்சிராப்பள்ளியில் அமைந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1990களில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் கம்பியில்லாத் தொலைபேசி இணைப்பு முறையான கார்டெக்டை, அக்கழகத்தின் முன்னாள் மாணவர்கள் தொடங்கிய மைதாஸ் நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கினர். உற்பத்தி உரிமம் பல நிறுவனங்களுக்கு அளிக்கப்பட்டது. செல்பேசி அலை வந்து அதைப் பின்தள்ளியது உண்மை. எனினும் அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 2010இல் அங்கே ஆராய்ச்சிப் பூங்கா எழுந்தது. அதே கழகத்தில் அடைகாக்கப்பட்ட ஏதர் நிறுவனம் 2018இல் மின் ஸ்கூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இன்று உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழுள்ள பைராக் அமைப்பு, தொடக்க நிலைக் கருத்துகளுக்கு 50 லட்சம் ரூபாய் வரை மானியம் அளிக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை, மாணவரும் ஆசிரியரும் தொடங்கும் நிறுவனங்களில் கல்வி நிறுவனம் 2 முதல் 9.5 விழுக்காடு வரை பங்கு பெறலாம் என்கிறது. ஆசிரியர் ஒருவர் தம் நிறுவனத்தின் வேலையைத் தம்மிடம் பயிலும் ஆய்வு மாணவரைக் கொண்டு முடித்துக்கொள்ளும் ஆபத்து இதில் உண்டு. மாணவரின் பட்டம் ஆசிரியரின் கையில் இருப்பதால் மாணவர் வாய்திறக்கமாட்டார். ஆகவே ஆய்வேட்டு மேற்பார்வையையும் நிறுவனப் பொறுப்பையும் ஒருவரிடமே விடாமல் பிரித்துவைப்பது கட்டாயமாதல் வேண்டும்.

புதிய நிறுவனம் முதல் தடையை முதலீட்டில் காண்பதில்லை. முதல் வாங்குபவரிடம் காண்கிறது. மருத்துவக் கருவி, நீர்ச் சுத்திகரிப்பு, கல்விச் சாதனம் போன்றவற்றை மிகுதியாக வாங்குவது அரசுத் துறைகளே. அவற்றின் ஒப்பந்தப் புள்ளிகளில் முன் அனுபவமும் குறித்த அளவு விற்றுமுதலும் வழக்கமாகக் கேட்கப்படும். நேற்றுப் பிறந்த நிறுவனத்திடம் மூன்றாண்டு அனுபவத்திற்குச் சான்று எங்கிருந்து வரும்? தரமும் தொழில்நுட்பக் குறியீடுகளும் நிறைவு பெறுமானால் புதுத் தொழில் நிறுவனங்களுக்கு இந்நிபந்தனைகளைத் தளர்த்தலாம் என மத்திய அரசின் கொள்முதல் விதிகள் இடமளிக்கின்றன. தளர்த்தும் அதிகாரமோ ஒப்பந்தப் புள்ளி கோரும் அலுவலரிடம் உள்ளது. தளர்த்தி வாங்கிய கருவி பழுதானால் தணிக்கைக் குறிப்புக்கு விடை சொல்ல வேண்டியவரும் அவரே. அதனால் பழைய நிறுவனத்திடமே வாங்கிவிடுவது அவருக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது.