ஞாயிறு ஆராதனைக்குள் இருக்கும் அறிவியல்

ஞாயிறு காலை மணி அடிக்கிறது. மதுரை கீழவெளி வீதியில் தூய மரியன்னை பேராலயம், நரிமேட்டில் சி.எஸ்.ஐ. பேராலயம், பசுமலை ஆலயம், சுற்றுக் கிராமங்களின் சின்னச் சின்ன ஆலயங்கள் என எல்லா இடத்திலும் சனம் கூடுகிறது. சேர்ந்து நின்று பாடுகிறார்கள், சேர்ந்து முழங்கால் போடுகிறார்கள். 2020 ஊரடங்கில் ஆலயங்கள் மூடப்பட்டு ஆராதனை கைப்பேசிக்கு வந்தது. கதவுகள் திறந்த பிறகும் ஒரு கேள்வி பல வீடுகளில் தங்கிவிட்டது: “வீட்டிலிருந்தே ஜெபித்தால் போதாதா?”

கேள்வி புதிதல்ல. சபை கூடுவதைச் சிலர் விட்டுவிடுவது பற்றிய கவலை எபிரெயர் நிருபத்தின் 10ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. கூடுவதை விட்டுவிடக் கூடாது என்பதே விசுவாசம் அன்று சொன்ன பதில். மனிதர்கள் ஒரே கூரையின்கீழ் கூடும்போது உடம்பிலும் உறவிலும் என்ன நடக்கிறது என்பதை இன்று அறிவியலும் ஆராய்ந்து சொல்கிறது.

பாட்டிலிருந்து தொடங்குவோம். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது மெதுவாகும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வேலை இது. பாடும்போது நினைத்த இடத்தில் மூச்சு வாங்க முடியாது. அடி முடியும் இடத்தில்தான் முடியும். ஆக, ஒரே பாட்டைப் பாடுகிறவர்கள் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்து, ஒரே நேரத்தில் விடுகிறார்கள். ஸ்வீடனில் பியோர்ன் விக்ஹாஃப் குழுவினர் 18 வயது இளைஞர்களைச் சேர்ந்து பாடச் சொல்லி இதயத் துடிப்பை அளந்தார்கள். ஒரு கிறிஸ்தவப் பாமாலையைப் பாடியபோது அவர்களுடைய இதயத் துடிப்புகள் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. 2013இல் வெளியான முடிவு இது. பல்லவிக்குத் திரும்பத் திரும்ப வந்து சேரும் நம் கீர்த்தனையும் சபை முழுவதையும் ஒரே மூச்சு ஒழுங்குக்குள் கொண்டுவரும் வடிவம்தான்.

ஆனால் பாட்டு வாயில் வந்தால்தானே சபை சேர்ந்து பாட முடியும்? மேற்கத்திய மெட்டில் மொழிபெயர்த்த பாடல்கள் ஊர்ச் சபைகளுக்கு எளிதில் வசப்படவில்லை. அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் இதைக் கவனித்தார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் உள்ளிட்டோரின் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து, 1853இல் அச்சிட்டுச் சபைகளுக்குக் கொடுத்தார். கேட்டுக்கொண்டிருந்த சபை பாடத் தொடங்கியது.

சேர்ந்து பாடுவது மனிதர்களை வேகமாக நெருங்கவும் வைக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பாட்டு வகுப்பு, கைவினை வகுப்பு, எழுத்து வகுப்பு என மூன்று வகைக் குழுக்களை ஏழு மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவில் எல்லாக் குழுக்களும் நெருக்கமாகிவிட்டன. ஆனால் பாடியவர்கள் மற்றவர்களைவிட வெகு சீக்கிரம் நெருங்கினார்கள். 2015இல் வந்த ஆய்வு அது.

அந்த நெருக்கம் ஆராதனை முடிந்த பிறகும் நிற்குமா? இதற்கான சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. மானிடவியலாளர் எலினார் பவர் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் வாழும் இரண்டு தமிழ்க் கிராமங்களில் தங்கி, யார் யாருக்கு உதவுகிறார்கள் என்று விசாரித்தார். அவசரத்துக்குக் கைமாற்று கொடுப்பது யார்? பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார்? வேலைக்குச் சொல்லிவிடுவது யார்? தவறாமல் வழிபாட்டுக்குப் போகிறவர்களிடம்தான் ஊரார் அதிகம் உதவி கேட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்து வாங்கும் உறவுகளும் கூடுதலாக இருந்தன. 2017இல் அவர் வெளியிட்ட இந்த முடிவு கோயிலுக்கும் ஆலயத்துக்கும் பொதுவானது. வாராவாரம் வந்து நிற்பது ஒருவரின் நம்பகத்துக்கு ஊர் பார்க்கும் சாட்சியாகிறது. வீட்டுக்குள் செய்யும் ஜெபத்தைக் கடவுள் காண்கிறார். அண்டை வீட்டாருக்கு அது தெரிவதில்லை.

உடல்நலத்திலும் இதன் தடம் தெரிகிறது. அமெரிக்காவில் 74,534 பெண் செவிலியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் ஆராதனைக்குப் போனவர்கள் ஆய்வுக் காலத்தில் இறந்த விகிதம், போகாதவர்களைவிட 33 சதவீதம் குறைவு. நோயாளியால் ஆலயத்துக்கு நடக்க முடியாது. அதனால்தான் இந்த வேறுபாடோ என்று கேட்கலாம். ஆய்வாளர்களும் அதை யோசித்தார்கள். முன்பே இருந்த நோய், மனச்சோர்வு, பழக்கங்கள் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் வேறுபாடு நின்றது. சபையாரின் ஆதரவு, புகைப்பழக்கம் குறைவாக இருப்பது, மனச்சோர்வு குறைவது, நம்பிக்கை மனப்பான்மை ஆகியவை அதற்குக் காரணமாகலாம் என்றார்கள். இது அவதானிப்பு ஆய்வு. ஆலயத்துக்குப் போவதை மருந்துச் சீட்டில் எழுதித் தர முடியாது. ஆனால் தள்ளிவிடக்கூடிய எண்ணும் அல்ல அது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இன்னொரு முடிவு. சேயூன் லிம், ராபர்ட் புட்னம் இருவரும் 2010இல் அமெரிக்கச் சபைகளைப் பற்றி எழுதினார்கள். வாரந்தோறும் ஆலயம் போகிறவர்களின் வாழ்க்கை நிறைவு கூடியதற்குக் காரணம் தனி ஜெபம் அல்ல. சபைக்குள் கிடைத்த நெருங்கிய நண்பர்கள். வாரம் தவறாமல் போயும் சபையில் ஒரு நண்பரும் இல்லாதவர்களுக்கு அந்த நிறைவு கூடவில்லை.

அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்று அறியப்பட்டவர், இதை ஆழமாக உணர்ந்திருந்தார். நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டை அமைத்தார். ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து உண்பதே சபை என்று கற்பித்தார். திருவிருந்தும் ஆலய அசனமும் சொல்வது அதைத்தான். சாதி பார்த்து ஒதுங்கி உட்காரும் சபை இந்த நன்மைகளைத் தன் கையாலேயே கெடுத்துக்கொள்கிறது.

ஆகவே கிறிஸ்தவ வாசகருக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறு ஆலயத்துக்குப் போங்கள். பாடத் தெரியாவிட்டாலும் பாடுங்கள். ஆராதனை முடிந்ததும் வண்டியை எடுக்க ஓடாமல், பக்கத்தில் இருந்தவரின் பேரைக் கேளுங்கள். இரண்டு வாரமாக வராதவரின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள். படுக்கையில் கிடப்பவருக்கு நீங்கள்தான் சபை.